கேப்டன் போட்ட முடிச்சு

எனக்குக் கோபம் மூக்கு மேலதான் இருக்கும்னு யூனிட்ல எல்லாருக்கும் தெரியும். இருந்துட்டுப் போகட்டும். மாடியில இருந்தும் பாலத்துல இருந்தும் ஆளுங்க இறங்குற காட்சிக்கு ரோப் கட்டுறவ நான். நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னா எவனாவது கையைக் காலை உடைச்சுக்குவான்.

அன்னைக்கு எடுத்தது போர்க்காலக் கமாண்டோக்களைப் பத்தின டிவி தொடர். கேப்டன் எதிரியோட கிடங்குக்குள்ள புகுந்து கைதியை மீட்கணும். அதுக்கு மொட்டை மாடியில இருந்து அஞ்சு மாடி கயித்துல இறங்கணும். கேப்டனா நடிக்கிறவரை யூனிட்டே கேப்டன்னுதான் கூப்பிடும். அது அவருக்குத் தலைக்கேறிப் போச்சு, சாப்பாட்டு வரிசையிலகூட நெஞ்சை நிமித்திக்கிட்டுத்தான் நிப்பார். ஆனா நிஜமா இறங்குறது அவருக்கு டூப் போடுற என் தம்பி.

என் வழக்கம் இதுதான். தண்ணித் தொட்டியைத் தாங்குற இரும்புத் தூண்ல ரெண்டு கயிறு தனித்தனியா கட்டுவேன். ஒண்ணு இறங்க, இன்னொண்ணு அது விட்டுட்டா தாங்க. கட்டி, உடம்பு பலத்தையெல்லாம் போட்டு இழுத்துப் பாத்து, முடிச்சு மேல கறுப்பு டேப் சுத்திடுவேன். டேப் சுத்தியாச்சுன்னா அப்புறம் எந்தக் கொம்பனும் அதுல கை வைக்கக்கூடாது. அன்னைக்குக் காலையிலயும் அப்படித்தான் கட்டினேன்.

முதல்ல கேப்டனோட குளோசப். அவர் தூண்கிட்ட குனிஞ்சு கயித்தைச் சரிபாத்துட்டு விளிம்புல வந்து நிக்கணும், அவ்வளவுதான். கேமரா மாடியையே சுத்தி வருது, யாரும் கண்ணுல படக்கூடாதுன்னு டைரக்டர் எங்களையெல்லாம் படிக்கட்டுக்கு விரட்டினார். முணுமுணுத்துக்கிட்டே போனேன். இருபது நிமிஷம் கழிச்சு மேல வந்தப்ப கேப்டன் வேலை முடிஞ்சு கீழ போயிட்டார். "வெளிச்சம் போகுது, சீக்கிரம், சீக்கிரம்"னு டைரக்டர் வாக்கி-டாக்கியில உயிரை எடுத்தார்.

தம்பி இடுப்புப் பட்டையை மாட்டிக்கிட்டு, "பாத்துட்டியாக்கா?"ன்னான்.

எட்டிப் பாத்தேன். தூண்ல டேப் இருந்துச்சு. அதுல இருந்து ரெண்டு கயிறு விளிம்பு வரைக்கும் ஓடுச்சு.

"பாத்துட்டேன், போ. வீட்டுல கைக்குழந்தை இருக்கு, வித்தை கித்தை காட்டாம ஒழுங்கா இறங்கு."

"நீ வாயை மூடினாலே நான் ஒழுங்கா இறங்குவேன்"னு சிரிச்சுக்கிட்டே காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டான். வெடிச்சத்தத்துக்கு அது இல்லாம முடியாது. கைப்பிடிச் சுவரைத் தாண்டி, கீழ ரெண்டடி அகலத்துல இருக்கிற சன்ஷேடுல இறங்கி, சுவரைப் பாத்துக் குந்தினான். தூசி விழும்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். மொத்தம் ரெண்டு வெடி. முதல் வெடி போட்டு இருபது எண்ணினா ரெண்டாவது. அந்த ரெண்டாவது சத்தம் கேட்டதும் பின்னால சாஞ்சு குதிக்கணும். நான் தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.

முதல் வெடி வெடிச்சுது. நான் எண்ண ஆரம்பிச்சேன்.

டேக் ஓடுறப்ப வாக்கியில யாரும் வாய் திறக்கக்கூடாது. ஆனா அவர்தான் கேப்டன் ஆச்சே! "டைரக்டர் சார், என் குளோசப் எப்படி? சும்மா தொட்டுப் பாக்கல சார். இந்தப் பொம்மை முடிச்சையெல்லாம் அவுத்துட்டு நிஜ ராணுவ முடிச்சே போட்டேன். அடுத்த ஷாட்டுக்கு மாறிடக்கூடாதுன்னு டேப்பைக்கூட அதே மாதிரி சுத்தி வச்சிருக்கேன்!"

இடுப்புல இருந்த வாக்கியை உருவினேன்.

பட்டனை அமுக்கினேன். "கட்! கட்!"னு கத்தினேன். ம்ஹூம். ஒருத்தர் அமுக்கிப் பேசிக்கிட்டிருக்கிற வரைக்கும் இன்னொருத்தர் குரல் போகாது. அந்த மனுஷன் விரலை எடுத்தாத்தானே! அந்த முடிச்சைச் சொல்லிக்குடுத்த தொடரோட ராணுவ ஆலோசகர் தன்னை எப்படிப் பாராட்டினார்னு அளந்து விட்டுக்கிட்டே இருந்தார். ஏழு. எட்டு.

ஓடிப்போய் டேப்பைப் பிச்சுப் பாத்தேன். ரெண்டு கயிறு இல்லை. ஒரே கயிறு ரெண்டா மடிஞ்சு தூண்ல மாட்டியிருந்துச்சு. இன்னொரு கயித்தைச் சுருட்டித் தூணுக்குப் பின்னால தள்ளி வச்சிருக்கார் பாவி. அந்த முடிச்சு எனக்குத் தெரியும். கமாண்டோ ஒரு பக்கத்தைப் பிடிச்சு இறங்குவான். தரையைத் தொட்டதும் மறுபக்கத்தை இழுப்பான், கயிறு முழுக்க அவிழ்ந்து அவன் கையோட போயிடும். ஒரு பக்கம் தாங்கும், ஒரு பக்கம் அவிழும். தம்பி எந்தப் பக்கத்துல தொங்கப்போறான்? மடக்கி மடக்கிப் போட்டிருந்ததுல எனக்கு ஒண்ணும் புரியலை. கயித்தைத் தொடவே பயமா இருந்துச்சு. பன்னெண்டு.

விளிம்புக்கு ஓடினேன். "டேய்! டேய்!" பஞ்சு அடைச்ச காது, குனிஞ்ச தலை. வேற என்ன செய்ய? விளிம்புல பட்டை மாட்டாம நிக்கிறவனைச் செருப்பால அடிப்பேன்னு சொல்றவ நான். பட்டையும் இல்லாம, ஒண்ணும் இல்லாம சுவரைத் தாண்டி சன்ஷேடுல குதிச்சேன். மழைத்தண்ணிக் குழாயை இடது கையால கட்டிக்கிட்டு, வலது கையை அவன் இடுப்புப் பட்டைக்குள்ள விட்டுப் பிடிச்சேன். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

ரெண்டாவது வெடி.

பழகின உடம்பு, சத்தம் கேட்டதும் பின்னால சாஞ்சுட்டான். கயிறு ஒரு விநாடிகூடத் தாங்கலை. தடதடன்னு என் முகத்தை உரசிக்கிட்டு மேல இருந்து வந்துச்சு. அவன் கனம் மொத்தமும் என் ஒரு கையில. தோள்ல ஏதோ பிடுங்கிக்கிட்ட மாதிரி வலி, கண்ணு இருண்டு போச்சு. விடமாட்டேன், விடமாட்டேன்னு கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கு. அவன் எப்படியோ காலை உதைச்சு, எட்டி, குழாயைப் பிடிச்சுக்கிட்டான். கயிறு அஞ்சு மாடி கீழ போய் விழுந்துச்சு.

யூனிட் ஆளுங்க எங்களை மேல தூக்கிப் போட்டப்ப கேப்டன் மூச்சு வாங்க ஓடி வந்தார். முகத்துல ஈயாடலை.

"நான் சரியாத்தான் போட்டேன். இவரையே கேளுங்க."

கூட வந்த ஆலோசகர், அந்தக் காலத்துல நிஜமாவே போருக்குப் போன மனுஷர், தூணையே பாத்துக்கிட்டு நின்னார். "சரியாத்தான் போட்டீங்க சார். ஆனா அதுல போட்டவன்தான் இறங்குவான். எந்தப் பக்கம் தாங்கும்னு அவனுக்குத்தானே தெரியும். எங்களுக்கு டூப் கிடையாது, அதனால அதைச் சொல்லித்தரணும்னு தோணவே இல்லை."

கேப்டன் அப்படியே தரையில உக்காந்துட்டார். கிழிகிழின்னு கிழிக்கணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள தம்பி காதுல இருந்து பஞ்சை எடுத்துட்டு என்கிட்ட வந்தான்.

"அக்கா. முடிச்சைப் பாத்தியா நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?

"இல்லைடா. டேப்பைத்தான் பாத்தேன்."

அவன் இடுப்புப் பட்டையைக் கழட்டி என் பக்கத்துல வச்சுட்டுக் கீழ இறங்கிப் போயிட்டான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மறுநாள் அதே காட்சி. வலது கையைக் கழுத்துல கட்டின துணியில தொங்கவிட்டுக்கிட்டு, மறு கையாலயும் பல்லாலயும் ரெண்டு கயித்தையும் நானே கட்டினேன். தம்பி வந்தான். ஒன்பது வருஷமா என்கூட வேலை செய்யறான், ஒரு நாளும் செய்யாததைச் செஞ்சான். தூண்கிட்ட மண்டியிட்டு, நான் போட்ட முடிச்சை ஒவ்வொரு சுத்தா விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தான். வாய் வரைக்கும் வந்த கோபத்தை முழுங்கிட்டு, அவனுக்கு வெளிச்சம் மறைக்காம தள்ளி நின்னேன்.