பை யார் தோளில்

குழந்தை பிறந்த பிறகு நானும் என் மனைவியும் ஓட்டலில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. எங்கள் மகளுக்கு மூன்று வயது. வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். நாற்காலியில் உட்கார வைத்தால் அடுத்த நிமிஷம் மேஜைக்கு அடியில் இருப்பாள். ஒருவர் சாப்பிட, மற்றவர் அவளை மேய்க்க வேண்டும். யார் முறை என்று சண்டை வராமலிருக்க ஒரு சட்டம் போட்டோம். அவளுடைய நீலப் பை யார் தோளில் இருக்கிறதோ அவருக்கு டூட்டி. பை தோள் மாறினால் பிள்ளையும் கை மாறியதாக அர்த்தம். வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். இதைக் கண்டுபிடித்தது நான்தான். சொந்தக்காரர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

அன்று மத்தியானம் பஸ், சாலையோர ஓட்டலில் சாப்பாட்டுக்கு நின்றது. இருபது நிமிஷம்தான் என்று கண்டக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் பஸ்ஸை ஒட்டி அதே கம்பெனியின் இன்னொரு பஸ். அது எங்களுக்கு முந்திக் கிளம்ப வேண்டியது.

பக்கத்து மேஜையில் ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். எதிரில் ஒரு டம்ளர் பால். அதை இன்னொரு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றிக்கொண்டே இருந்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. யாருக்கு ஆற்றுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

முதலில் மனைவி சாப்பிட்டாள். நான் பையோடு வாண்டுவின் பின்னால் கைகழுவும் இடத்துக்கும் சமையலறை வாசலுக்கும் மூன்று சுற்று ஓடினேன். அதில் அவளுடைய சிவப்புச் செருப்பு ஒன்றின் வார் அறுந்தது. அதைப் பைக்குள் போட்டேன். மற்றதைக் கழற்ற விடாமல் நொண்டியடித்தாள்.

"வாடி தங்கம்," என்று கையை நீட்டினாள் அந்த அம்மாள். வாண்டு என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இவ யாருகிட்டயும் போகமாட்டாம்மா. கத்தி ஊரைக் கூட்டிடுவா," என்றாள் மனைவி பெருமையாக.

"சொன்ன பேச்சு கேப்பாளா?"

"நாங்க ரெண்டு பேர் சொன்னா மட்டும் கேப்பா."

"நல்ல வளர்ப்பு," என்று சிரித்துவிட்டு அவள் மறுபடி பாலை ஆற்றினாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் முட்டையும் ரொட்டியும் வந்துவிட்டன.

பையை மனைவியின் தோளில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் நான் ஆறிப்போகாமல் சாப்பிட்ட சாப்பாட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் நாற்காலியின் முதுகில் யாரோ பையை மாட்டியது தெரிந்தது. மனைவி பாரத்தை இறக்கி வைக்கிறாள் என்று நினைத்தேன்.

முழங்காலில் ஒரு பிஞ்சுக் கை பட்டது.

"அப்பா."

நான் நிமிரவில்லை. "அம்மாகிட்ட போ," என்றேன்.

கை போய்விட்டது. பக்கத்து மேஜையில் நாற்காலி நகர்ந்தது. நான் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டேன். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கிளம்பியது.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி பாத்ரூம் பக்கமிருந்து வந்தாள்.

"வாண்டு எங்க?"

"உன்கிட்டதானே இருந்தா?"

"பையை உங்ககிட்ட மாட்டிட்டுத்தானே போனேன்?"

"தோள்ல மாட்டினாத்தான் டூட்டி. நாற்காலியில மாட்டினா எப்படிச் செல்லும்?"

ஆமாம், அப்படித்தான் வாதாடினேன், பெரிய வக்கீல் மாதிரி. அரை நிமிஷம் அதிலேயே போயிற்று. அதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மேஜைகளுக்கு அடியில் பார்த்தோம். சமையலறையில், பாத்ரூமில், பஸ்ஸின் சக்கரங்களுக்கு நடுவில் குனிந்து பார்த்தோம். மனைவி கூப்பிட்ட குரலுக்கு ஓட்டலே எழுந்து நின்றது. பத்து நிமிஷம் கழித்துத்தான் பக்கத்து மேஜை என் கண்ணில் பட்டது. ஆள் இல்லை. இரண்டு டம்ளரும் காலி. கண்டக்டரிடம் ஓடி அந்த அம்மாளைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் கண்டக்டர் முந்திப் போன பஸ்ஸின் கண்டக்டருக்கு போன் போட்டு, எங்களுக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"ஆமாண்ணே, மூணு வயசுப் பாப்பா. ஒரு கால்ல சிவப்புச் செருப்பு, இன்னொரு கால்ல இல்ல."

"கடவுளே! அங்கயே வச்சிருக்கச் சொல்லுங்க!" என்று மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"இப்பத்தானேண்ணே இறங்கினாங்க? பாலத்துக்கிட்ட. அவங்களுக்காக ஒரு கார் நின்னுச்சு."

"யாரு என்னன்னு கேக்கமாட்டியா?" எங்கள் கண்டக்டர் கத்தினார்.

"கேக்காம இருப்பேனா? அவ அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னு அந்தம்மா சொன்னாங்க. பாப்பா அழவே இல்லண்ணே. நானே பாப்பாகிட்டயும் கேட்டேன். 'அப்பாதான் அம்மாகிட்ட போகச் சொன்னாரு'ன்னு அதுவே சொல்லிச்சு."

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னீங்களா?"

ஆமென்று தலையாட்டினேன்.

என் கையில் தொங்கிய பையை வாங்கினாள். அதை என் தோளில் சரியாக மாட்டினாள். பிறகு பஸ் போன திசையில் ஓடத் தொடங்கினாள்.