மூன்று செம்புப் புள்ளிகள்

மின்சாரம் பாய்ந்தது. காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

பெய்ருங் அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டாள். அதே கறுப்பு.

மூன்று மணிக்கு ஒசாகாவிலிருந்து வாங்குபவர்கள் வருகிறார்கள். அவர்கள் கண்முன் புது மதர்போர்டு ஓட வேண்டும். ஓடாவிட்டால் வேலை ஆறாவது மாடிக் குழுவுக்குப் போய்விடும் என்று மேனேஜர் லியென் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். பதினோரு மாதம் அவள் வரைந்த பலகை அது.

டெக்னீஷியன் ஆ-குன் பலகையைப் பார்க்கவில்லை. மேசை மேலிருந்த நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பார்த்தான். நெய்ஹூ கணினிக் கம்பெனிகளில் அது இல்லாத சோதனை மேசை கிடையாது. இருந்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது நம்பிக்கை. ஆனால் பொட்டலம் பச்சையாக இருக்க வேண்டும், காலாவதி ஆகியிருக்கக் கூடாது.

"அக்கா, இது மஞ்சள்."

"யார் வாங்குனது?"

"மேனேஜர். பத்து வருஷம் அமெரிக்காவுல இருந்தவருக்கு நிறம் எங்க தெரியும்."

"நீ தின்னுடு. ஈயம் பற்றவைக்கிற கோலைச் சூடு பண்ணு."

லியென் உள்ளே வந்தார்.

"இன்னும் கறுப்பா?"

"கறுப்புதான்."

"யுஎஸ்பி வழியா என்ன தப்புன்னு படிக்க வேண்டியதுதானே?"

"யுஎஸ்பி இன்னும் முழிக்கலை மேனேஜர். நினைவகம் சரியான அப்புறந்தான் அது எழும். அதுக்கு முன்னாடியே பேசுறது பழைய தடம் ஒண்ணுதான்."

பலகையைக் கவிழ்த்தாள். மூலையில் மூன்று செம்புப் புள்ளிகள். பழைய சீரியல் தடம் வந்து முடியும் இடம். வரைபடத்தில் அதைச் சிவப்பில் அடித்தவர் லியென். நாற்பது வருஷத்துப் பழசு, எவன் தொடப்போகிறான் என்று மார்ச் மாதக் கூட்டத்தில் கேட்டார். செருகியை அவள் எடுத்துவிட்டாள். தடத்தை எடுக்கவில்லை.

"இது மொத்தமும் போகணும்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"எடுக்கலை."

"எடுக்கலை."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ரெண்டு தடவை சொன்னேன். நீங்க போன்ல இருந்தீங்க."

ஆ-குன் நுண்ணோக்கிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

மூன்று ஒயர்களைப் பற்றவைத்தாள். ஒன்று சொல்ல, ஒன்று கேட்க, ஒன்று எர்த்துக்கு. மறுமுனையை மடிக்கணினியில் செருகி மின்சாரம் கொடுத்தாள். எழுத்துகள் ஓடின. வரி வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றன. கடைசி வரி: நினைவகம், இரண்டாம் பாதை, பதிலில்லை.

"ரெண்டாவது பாதை. நினைவகச் செருகிக்குப் பக்கத்துல பாரு."

ஆ-குன் பலகையை நுண்ணோக்கியின் கீழே நகர்த்தினான்.

"ஒரு ரெசிஸ்டர் எழுந்து நிக்குது அக்கா. ஒரு கால்தான் தரையில."

"உட்கார வை."

உட்கார வைத்தான். அவள் மின்சாரம் கொடுத்தாள். எழுத்துகள் நிற்காமல் ஓடின. திரை வெளுத்தது.

மணி ஒன்று இருபது. பெய்ருங் ஆறிப்போன பன்றிக்கறிச் சோற்றுப் பெட்டியைத் திறந்தாள்.

"அந்த ஒயரைப் பிடுங்கிடுங்க, வர்றவங்க பார்த்தா அசிங்கம்" என்றார் லியென்.

"இருக்கட்டும். நடுவுல நின்னுடுச்சுன்னா யாரைக் கேக்குறது?"

லியென் ஒயரை விட்டுவிட்டு நாற்காலிகளை ஒழுங்குபடுத்தப் போனார்.

ஒசாகாக்காரர்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். பலகை நடுவில் நிற்கவில்லை. அவர்களில் மூத்தவர் ஒயர்களைப் பார்த்தார், தலையசைத்தார், கையெழுத்துப் போட்டார்.

ஐந்து மணிக்கு அவள் அடுத்த பலகையின் வரைபடத்தைத் திறந்தாள். லியென் பின்னால் வந்து நின்றார். கையில் பச்சைப் பொட்டலம். காலாவதித் தேதியைப் படித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

அவள் பழைய தடத்தின் முனையில் செருகியை மறுபடி வரைந்தாள்.

"ஓரமா வைங்க, கண்ணுல படாம."

"கைக்கு எட்டணும் மேனேஜர்" என்றாள். முன்பக்கத்தில் வைத்தாள்.