இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் அளவு

திரையில் நான்கு வரிகள் நின்றன. கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் இருக்கும் நான்கு பாகங்கள். ஒவ்வொன்றாக அழித்துவிட்டால் டிஸ்க் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி ஆகிவிடும்; பிறகு புது சிஸ்டத்தை ஏற்றலாம். சின்னவளுக்கு இது கைவந்த வேலை. ஆஸ்பத்திரி பில்லிங் பிரிவில் எந்த மிஷின் மக்கர் பண்ணினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அழிப்பதற்கு முன்னால் வாய்விட்டு ஒருதரம் கேட்டுவிடுவாள்.

“அக்கா, கடைசியா கேக்கறேன். இதுல இருந்ததெல்லாம் வேற எதுலயாவது எடுத்து வச்சிட்டீங்கல்ல?”

பெரியவள் அவளுக்கு ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் மனைவி. முன்னறையையே தையல் கடையாக்கிப் பதினோரு வருஷமாகிறது. வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தவள், “ம்ம்” என்றாள்.

“எதுல?”

மோவாயால் காட்டினாள். கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் சொருகியிருந்த சிவப்பு பென் டிரைவை. சின்னவள் புது சிஸ்டத்தை ஏற்றிக் கொண்டுவந்திருந்த அதே பென் டிரைவை.

சின்னவள் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். ‘ஒரு பென் டிரைவ் குடுத்தனுப்புங்கக்கா’ என்று புதன்கிழமை போனில் கேட்டவள் அவள்தான். எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால் பெரியவளுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு. மறுநாள் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே அதில் சிஸ்டத்தை ஏற்றியபோது, ‘இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சரியா?’ என்று ஒரு பெட்டி எழும்பிக் கேட்டது. திறந்துகூடப் பார்க்காமல் ‘சரி’யைத் தட்டினாள். பென் டிரைவில் வைக்க இவளிடம் என்ன இருக்கப்போகிறது?

“பரவால்லக்கா. மிஷின்ல இன்னும் நான் எதையும் அழிக்கல. இங்கேருந்தே மறுபடி எடுத்துக்கலாம்.”

பெரியவள் ஊசிகளை உள்ளங்கையில் உதிர்த்துக்கொண்டாள். “இதுல எப்படி இருக்கும்? சுத்தம் பண்ண வர்றேன்னு நீதானே சொன்ன? வர்றவகிட்ட குப்பையோடவா குடுப்பேன்? நீ பென் டிரைவ் கேட்டதே அதுக்குத்தான்னு எல்லாத்தையும் அதுல மாத்திட்டு, இங்க தொடச்சு வச்சிட்டேன். அந்தக் குப்பைத் தொட்டியக்கூட காலி பண்ணியாச்சு.” சொல்லும்போது குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

பழைய சுழலும் டிஸ்க்காக இருந்தால் அழித்ததைத் தோண்டியெடுக்க வழியுண்டு. இது எஸ்எஸ்டி, அழி என்று சொன்னதைக் கொஞ்ச நேரத்தில் தானே அடியோடு துடைத்துவிடும். பென் டிரைவிலோ புது சிஸ்டம் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. டிஸ்க் பழுதாயிடுச்சுக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியவள் நம்பிவிடுவாள். ஆறு மாசமாக அது படுத்திய பாடு அவளுக்குத் தெரியும். சின்னவளின் நாக்கு நுனிவரை அது வந்தது. அந்தச் சின்னப் பெருமை மட்டும் காதிலேயே நின்றது.

“நான்தான் அழிச்சேன்க்கா. ஆபீஸ்ல, டீ குடிச்சுக்கிட்டே. உங்க பென் டிரைவ்ல என்ன இருக்கப்போகுதுன்னு நெனச்சிட்டேன்.”

பெரியவள் ஊசிகளை ஒவ்வொன்றாக ஊசிமெத்தையில் குத்தினாள். கடைசி ஊசியைக் குத்தியபின், “இருநூத்திப் பன்னெண்டு பேர்” என்றாள். “டீச்சரம்மாவுக்கு இடது தோள் அரை இஞ்ச் எறக்கம். அவங்களுக்கே தெரியாது. பஞ்சு வச்சு சமன் பண்ணிடுவேன். பேங்க்கு பொண்ணு மாசமா இருக்கறது அவ வீட்டுக்காரனுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். எல்லாம் குறிப்புங்கற கட்டத்துல போட்டு வச்சிருந்தேன்.”

“எல்லாருக்கும் நான் போன் பண்ணிக் கேக்கறேன்க்கா...”

“கேட்டா? எந்தப் பொம்பள தன் இடுப்பளவ உண்மையாச் சொல்லுவா?”

சிரிப்பா கோபமா என்று பிடிபடவில்லை. பெரியவள் கத்திரிக்கோலை எடுத்தாள், வெட்டாமல் வைத்தாள்.

“மீதியையும் அழி. பாதியில நிக்காத.”

நான்கு வரிகளும் ஒன்றாகின. ஒதுக்கப்படாத இடம் என்றது திரை. புது சிஸ்டம் ஏற ஏற எண்கள் நூற்றை நோக்கி நகர்ந்தன. மிஷின் அணைந்து எழுந்து, யார் உபயோகிக்கப் போகிறீர்கள் என்று கேட்டது. பெரியவளின் பெயரைச் சின்னவள் அடித்தாள். பிறகு ஒரு வெற்று அட்டவணையைத் திறந்து, தலைப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் கேட்காமலே ‘குறிப்பு’ என்று அடித்தாள்.

“எழுந்திரு” என்றாள் பெரியவள். கையில் டேப்.

“எதுக்குக்கா?”

“வெறுமையா இருந்தா எனக்குக் கை ஓடாது. நில்லு நேரா.”

கல்யாணமாகி ஒன்பது வருஷம். சின்னவள் எப்போதும் வெளிக்கடையில் ரெடிமேடாகத்தான் வாங்குவாள். ஏன் என்று பெரியவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது டேப்பின் பித்தளை முனை பிடரியில் சில்லென்று பட்டது.

“மூச்ச இழுத்துப் பிடிக்காத. எல்லாரும் இதே திருட்டுத்தனம்தான்.”

சின்னவள் மூச்சை விட்டாள். தோள், மார்பு, இடுப்பு, கை. பெரியவள் சொல்லச் சொல்ல, சின்னவள் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே மறுகையால் தட்டினாள். முதல் வரி நிரம்பிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டத்தில் நின்றது.

“குறிப்புல என்னக்கா போட?”

பெரியவள் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள்.

“அத நான் அப்புறம் போட்டுக்கறேன்.”

மறுபடி ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பிவிட்டாள். கத்திரிக்கோல் துணியில் நடக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. காலிக் கட்டத்துக்குள் கர்சரின் சின்னக் கோடு மின்னி மின்னி மறைந்துகொண்டிருந்தது.