நிறுத்தத்தில் தம்பியின் குரல்

ஊர் முழுக்கக் கலைக் கண்காட்சிக்கான ஏற்பாடு. பாலத்தடியில் கிழிந்த குடைகள் தொங்கின. நீதிமன்றச் சுவரில் ஒரு கண். எதற்கென்று வரைந்தவருக்காவது தெரிந்திருக்கும். போராட்டத்தில் காணாமல் போனவர்களின் குரல்களைப் பேருந்து நிறுத்தங்களில் ஒலிக்கவிடப் போவதாகச் சொல்லி ஓர் இளம்பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கலைஞராம்.

போராட்டத்துக்குப் போன தம்பி அன்று மாலை அம்மாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்றுதான் எங்களிடம் மிச்சம். "அம்மா, கதவைத் தாழ்ப்பாள் போட்டுடாத. லேட்டானாலும் வந்துடுவேன்." இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் யாரும் தாழ்ப்பாளைத் தொடுவதில்லை.

அவள் அதைப் பதிவு செய்துகொண்டு போன மறுவாரமே அம்மாவின் போன் செத்துப்போனது. பழுது பார்ப்பவர் கைவிரித்துவிட்டார். போகட்டும், அவளிடம்தான் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன்.

கண்காட்சி தொடங்கிய அன்று அம்மாவை நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனேன். கூரையில் இருந்த ஸ்பீக்கர் கரகரத்தது. "கதவைத் தாழ்ப்பாள் போட்டுடாத. லேட்டானாலும் வந்துடுவேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். "என்னைக் கூப்பிடலையேடி."

அம்மாவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு நேரே கண்காட்சி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணைப் பிடித்தேன்.

"யாரோ ஒருத்தர் வீட்டுல சொன்னதா இல்லாம, ஊருக்கே சொன்ன மாதிரி இருக்கணும்னுதான் கூப்பிடுறதை மட்டும் வெட்டினோம்க்கா."

"வெட்டினதைக் குடு. நாங்க ஒட்டிக்கிறோம்."

அவள் முகம் வெளுத்தது. "முழுப் பதிவு எதையும் வெச்சுக்கலக்கா. போலீஸ் சோதனை போட வந்தா உங்களை மாதிரி குடும்பங்க மாட்டிக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டோம்."

எங்கள் நல்லதுக்குத்தான் செய்திருக்கிறாள். அம்மாவின் போன் செத்துப்போனதைச் சொன்னதும் அழத் தொடங்கிவிட்டாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வந்த நான், அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

அம்மா நகரவே இல்லை. ஒரு பேருந்து வந்து நின்றது. "ஏறலையாம்மா?" என்றார் நடத்துநர். வேண்டாமென்று கையாட்டினாள். அது போனதும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுப் பதிவு இனி கிடைக்காது என்பதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எப்படியோ சொன்னேன்.

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. அவன் குரல் வருவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"என்னடா?"

"கதவைத் தாழ்ப்பாள் போட்டுடாத. லேட்டானாலும் வந்துடுவேன்."

"போடலடா," என்றாள் அம்மா.