காலர் அளவு

அக்காவின் கண்டக்டர் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள் தங்கை. கூடத்தில் பெஞ்சின் மேல் கிடந்தாள் அக்கா. நேற்று டிப்போவில் மயங்கி விழுந்தவள் கண்ணைத் திறக்காமலே போய்விட்டாள்.

“அவகூட சுடுகாட்டுக்குப் போற சட்டைக்குப் பொத்தான் எதுக்கு?” என்றார் அத்தான்.

“பொத்தான் இல்லாம அவ ஒருநாளும் டூட்டிக்குப் போனதில்ல.”

குடும்பத்தில் தங்கைக்குத் தலையாட்டி என்று பேர். யார் எது கேட்டாலும் சரி என்பாள். அப்புறம் கடைக்குப் போய்த் தையல் மெஷினை மிதிமிதியென்று மிதிப்பாள். அந்தத் தைரியத்தில்தான் அத்தான் தாளும் பேனாவுமாக வந்து நின்றார்.

மகள் பாப்பா பிறந்ததிலிருந்து அக்கா அவளுக்காக மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போட்டுவந்தாள். தனக்கு ஏதாவது ஆனால் பணம் பாப்பாவுக்கு என்று எழுதிவைத்திருந்தாள். பதினெட்டு வயதுவரை அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தங்கைக்கு. தகப்பன் என்ற முறையில் அந்தப் பொறுப்பு தனக்குத்தான் வரும் என்று அத்தான் நினைத்திருந்தார். இன்று காலை பீரோவைக் குடைந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அக்கா தையல் கடைக்கே வந்து இவளிடம் அதற்கான கையெழுத்தை வாங்கிப் போயிருந்தாள். “என்னன்னு படிக்கட்டுமா?” என்றதற்கு, “படிச்சா பயந்துடுவே, போடுடி” என்று சிரித்தாள். படுபாவி, இந்த நாளுக்கா கேட்டாய்?

“வேன் ஒண்ணு விலைக்கு வருது. நாளைக்குள்ள சொல்லணும். பணம் எடுக்கற ஃபாரம்தான், போடும்மா. ஒரே வருஷத்துல திருப்பிப் போட்டுடறேன்.”

அவர் கண் அழுது வீங்கியிருந்தது. அழுகையும் பொய்யில்லை, வேன் ஆசையும் பொய்யில்லை. அதுதான் இவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“அவ இன்னும் வீட்டைவிட்டே போகல, அத்தான்.”

“அப்புறம் டெத் சர்ட்டிபிகேட், ஆபீஸுன்னு அலையணும். இப்பவே போட்டு வெச்சிட்டா வேலை முடிஞ்சுது. என் பொண்ணு காசுதானே?”

“உங்க பொண்ணு காசுதான். உங்க காசு இல்ல.”

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தலையாட்டிக்கு இவ்ளோ வாயா? தகப்பன்டி நான்!”

“யாரு இல்லைன்னா? சோறு போடுங்க, ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பணத்துல மட்டும் கை வைக்காதீங்க. அக்கா டபுள் டூட்டி பாத்து, கால் வீங்கி சேர்த்தது. நாளைக்கு வளர்ந்து வந்து பாப்பா கேப்பா. அப்ப அவ மூஞ்சியில நான் முழிக்கணும்.”

பாப்பா கதவோரம் நின்றிருந்தாள். கையில் பள்ளிக்கூடச் சட்டை. காலர் நைந்து கிழிந்திருந்தது.

“அம்மா நேத்து டூட்டிக்குப் போறப்ப உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க சித்தி.”

தங்கை அக்காவின் சட்டையை மடித்து வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள்.

“நிமிர்ந்து நில்லு.”

கழுத்து அளவு எடுத்ததும் அத்தானிடம் கை நீட்டினாள். இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்து அவர் ஃபாரத்தைக் கொடுத்தார். பேனாவையும் மூடி திறந்தே கொடுத்தார்.

அவள் ஃபாரத்தை நீளவாக்கில் மடித்தாள். மடிப்பிலிருந்து பாப்பாவின் காலர் அளவுக்கு ஒரு வளைகோடு போட்டாள். வளரும் பிள்ளை என்று அரை அங்குலம் கூட விட்டு, கத்திரியை எடுத்து வெட்டினாள்.