நெட்டையின் பெயரில்

விடியும்போது அவள் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். கணினி விளையாட்டின் திரைக்குள் இருக்கும் சிப்பாயை ஒவ்வொரு கல்லாக மோதவிட்டு, எங்கேயாவது ஓட்டை விழுந்து அவன் சுவருக்குள் புகுந்துவிடுகிறானா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மோது, பின்வாங்கு, அடுத்த கல். கட்டைவிரல்கள் காய்த்துப்போயிருந்தன. ஏசிக் காற்றில் பழைய காப்பியும் சூடேறிய கம்பியும் நாறின. நாற்காலியில் இரவு வேலைக்காரரின் சூடு இன்னும் ஆறவில்லை.

உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கணவனின் பெயரைத் தட்டியிருந்தாள். ‘வருக, நெட்டை’ என்றது திரை. அவன் போய் மாதங்களாகிவிட்டன. விளையாட்டை வெளியிடும் அவசரத்தில் வீட்டுக்கே வராமல் இங்கேயே வேலை பார்த்தவன், கடைசியில் வீட்டுக்குப் போகச் சொன்னபோது ஓட்டிய பைக்கிலேயே கண்ணயர்ந்து விழுந்தான், எழவில்லை. அவள் அழவில்லை. அழுகை எங்கே போனதென்று தேடவும் இல்லை.

சிப்பாய் ஓடவும் சுவர் இடியவும் அடியில் ஒரு மென்பொருள் வேண்டும். அது வேறொரு பெரிய விளையாட்டுக் கம்பெனியுடையது. முதலாளி அதற்கு ஒரே ஒரு ஆளுக்கு லைசென்ஸ் வாங்கினார், நெட்டை பெயரில். “எல்லாரும் நெட்டை பேர்லயே உள்ள போங்க. விளையாட்டு விக்கட்டும், ஆளுக்கொண்ணு வாங்கிடலாம்” என்றார். விளையாட்டு விற்றது, லைசென்ஸ் வரவில்லை. அறை முழுக்க நெட்டையானது. ஆள் மாறும்போதெல்லாம் “இப்ப யாரு நெட்டை?” என்று குரல் எழும். அவன் தோளுக்குக்கூட எட்டாத அவள் கையைத் தூக்கினால் சிரிப்பு அடங்க நேரமாகும். அவன் இறந்தபின் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பெயரை மட்டும் தட்டிக்கொண்டார்கள்.

பெரிய கம்பெனி மோப்பம் பிடித்து வழக்குப் போட்டது. வழக்கைக் காட்டிச் சம்பளத்தைப் பாதியாக்கினார் முதலாளி. அன்று வக்கீலோடு வந்து எல்லாரையும் கூட்டினார்.

“நாளைக்குக் கேஸ் வருது. இந்தத் தாள்ல ஆளுக்கொரு கையெழுத்துதான். நெட்டை எனக்குத் தெரியாம தன் பாஸ்வேர்டை எல்லாருக்கும் குடுத்துட்டான். நீங்க நம்பி வேலை செஞ்சீங்க. அவ்வளவுதான். கம்பெனி பிழைக்கும், முழுச் சம்பளம் வரும்.”

“போடலன்னா?” என்றான் தாடி. நெட்டையின் பக்கத்து நாற்காலிக்காரன்.

“பூட்டிட்டுப் போக வேண்டியதுதான். நானும் உங்களோட தெருவுல நிக்கறேன்.”

“நீங்க கார்ல நிப்பீங்க, சார்,” என்றாள் படம் வரைகிற பெண்.

முதலாளி அதைக் காதில் வாங்காமல் நெட்டையின் மனைவி பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. “தப்பா எடுத்துக்காதம்மா. போனவர் போயிட்டார். அவருக்கு இனிமே என்ன நஷ்டம்? இருக்கறவங்க வயித்தைப் பார்க்கணுமில்ல?”

அவளுக்குக் கோபம் வருமென்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. விரலைப் போலவே மனசும் மரத்துக் கிடந்தது. ஒன்று மட்டும் தெரிந்தது: கையெழுத்து விழுந்தால் அவன் திருடன். அவன் உயரத்தையே கொண்டு வளரும் மகள் திருடன் மகள்.

“சார், நேத்து விளையாட்டுல கோட்டை வாசலைத் திருத்தினது யாரு?” என்று கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும்?”

“நெட்டைன்னுதான் பதிவாகியிருக்கும். முந்தாநாளும் அவர்தான். அவரை எடுத்துட்டுப் போன அன்னைக்கும் அவர்தான் இங்க உட்கார்ந்து வேலை செஞ்சிருக்காரு. செத்தவர் எப்படி சார் திருடுவாரு?”

வக்கீலின் பேனா நின்றது. “அவர் இறந்தப்புறமும் நீங்க நிறுத்தலையா?” என்று முதலாளியைக் கேட்டார்.

“நிறுத்தினா வேலை நின்னுடுமே!” சொன்ன பிறகுதான் முதலாளி வாயை மூடினார்.

தாடி குனிந்திருந்தான். “அன்னைக்கு நான்தான்க்கா நெட்டை. எடுக்கறதுக்கு வரக்கூட லீவு குடுக்கல.” தாளைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான். “நாளைக்குக் கோர்ட்டுல சொல்றேன். எல்லாரும் அவர் பேர்லதான் உட்கார்ந்தோம். நீங்க சொல்லித்தான் உட்கார்ந்தோம்.”

“உங்க மேலயும் கேஸ் பாயும் தம்பி,” என்றார் வக்கீல்.

“பாயட்டும். ஆனா அங்கயாவது ஆளுக்கொரு நாற்காலி போடச் சொல்லுங்க,” என்றாள் படம் வரைகிற பெண். “இங்கதான் ஒண்ணுல மூணு பேர்.”

யாரும் கையெழுத்துப் போடவில்லை. தாள்கள் ஏசிக் காற்றில் படபடத்துக் கிடந்தன.

மறுநாள் விடியலில், பழக்கதோஷத்தில், அவள் நாற்காலிக்கே வந்து பெயரைத் தட்டினாள். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்றது திரை. மறுபடி தட்டினாள். இல்லை. அவனை இன்னும் வரவேற்றுக்கொண்டிருந்த ஒரே வாசலையும் முதலாளி இரவோடு இரவாக அடைத்திருந்தார்.

பின்னால் கதவு திறந்தது. அந்த நேரத்தில் வேலை இல்லாதவர்களும் வந்துகொண்டிருந்தார்கள். சலவைச் சட்டை, ஈரத் தலை. தாடி வாசலிலேயே நின்று பழைய குரலில் கேட்டான்:

“இப்ப யாரு நெட்டை?”

இரவு வேலைக்காரர் தூங்காத கண்ணோடு கையைத் தூக்கினார். படம் வரைகிற பெண் இரண்டு கைகளையும் தூக்கினாள். ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் எழுந்தன. யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக அவள் தூக்கினாள். காய்ப்பு வெடித்திருந்த விரல் சுரீரென்றது. வலிக்கிறதே என்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கணினியை அணைத்துவிட்டு எழுந்தாள்.

கோர்ட்டு திறக்க இன்னும் நேரமிருந்தது. சேர்ந்து நடந்தே போகலாம் என்றார்கள்.