தேடல் பெட்டி இல்லாத திரை

பெரிய துரை ஜீவராஜ் கம்ப்யூட்டர் திரைக்குள் நடந்து போனது ஒரு செவ்வாய்க்கிழமை. பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் அன்று மழை இல்லை. சப்பாத்தைக் கழற்றாமலே போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

திரையைச் செய்தவள் சுலக்ஷனா, அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான மேல் லயத்தில் பிறந்தவள். அவள் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தபோது, லயத்தின் பின்சுவர் வெடித்திருக்கிறது என்று அவள் அம்மா பூரணி ஆபிசுக்குப் போய்த் துரையிடம் சொன்னாள். துரை தலையைத் தூக்காமல், "பாப்போம்" என்றார். ஐப்பசி மழையில் மண்மேடு சரிந்து சுவர் மேலே விழுந்ததில் பூரணி செத்துப்போனாள். விசாரணைக்கு வந்தவர்களிடம், வெடிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, தான் பார்க்கவும் இல்லை என்றார் துரை. சுலக்ஷனா அழுததை யாரும் காணவில்லை. ஆறேழு வருஷம் கழித்து, பழைய ஃபெக்டரியை உல்லாசப் பயணிகளுக்குக் காட்சிச்சாலையாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். துரைக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

பங்களாப் படங்களோடு லயத்துக் கல்யாணங்களையும் காமன் கூத்தையும், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவையும் அவள் திரையில் ஏற்றினாள். ஒரு படத்தைத் தொட்டால் அதன் அக்கம்பக்கம் விரியும். எழுதித் தேட இடமே வைக்கவில்லை.

"என்ன மிஸ் இது? என் பேரை அடிச்சா என் படம் வர வேணாமா?" என்றார் துரை.

"பேரை அடிச்சா கேட்டது மட்டுந்தான் வரும் சேர். சுத்திப் பாருங்க. இதுவரைக்கும் பாக்காததும் கண்ணுல படும்."

மந்திரியோடு தான் கைகுலுக்கிய படத்துக்காகத் துரை தொட ஆரம்பித்தார். ஃபெக்டரி வந்தது, பிறகு கொழுந்து நிறுக்கும் இடம், பிறகு மலைப்பாதை. பாதையில் இறங்கிய பனியில் அவர் முழங்கை நனைந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். ஆள் உள்ளே நின்றார்.

வெளியே வர வழி இல்லாமல் இல்லை. வெடித்த சுவரின் படமும் உள்ளே இருந்தது, பூரணி போனில் எடுத்து மகளுக்கு அனுப்பியது. அதன் முன்னால் நின்று, பார்த்தேன் என்று சொன்னால் போதும். சுலக்ஷனா திரைக்குப் பக்கத்தில் போய் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அவருக்குச் சொன்னாள். துரை சுவர் வரைக்கும் போனார். கை நுழையும் அகலம் அந்த வெடிப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தார். அன்றைக்குத்தான் பல வருஷத்துக்குப் பிறகு சுலக்ஷனா வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

புதுத் துரை வந்து, தேடல் பெட்டி ஒன்று வைத்து அவரை எடுத்துத் தரச் சொன்னார். "முடியாதுங்க சேர். அவரா வரட்டும்" என்றாள். அவரைப் பார்க்கவே கூட்டம் சேர்ந்ததால் கம்பெனியும் பிறகு வற்புறுத்தவில்லை.

துரையின் மனைவி ஊர்மிளா ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். ஒவ்வொரு படமாகத் தொட்டு அவரைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிடும். போன வாரம் பிள்ளைக்காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் மெலிந்து.

"சுவத்துப் பக்கம் போனாரா?" என்று சுலக்ஷனாவிடம் கேட்டாள்.

"நேத்தும் போனாருங்க. நின்னுட்டுத் திரும்பிட்டாரு."

"அவரு அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, ஊர்மிளா ஹட்டன் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.